வளையத்தை அவிழ்க்கும் நாள்

சவரிராயனுக்கு அறுபத்து மூன்று வயது. அவருடைய குருவுக்கு நாற்பத்தொன்று. மகள் வயதுப் பெண்ணின் முன்னால் போய் கைகட்டி நிற்கிறாரே என்று திண்டுக்கல்லில் அவருடைய கூட்டாளிகள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். நாற்பது வருஷம் கல்யாண மேடை போட்ட மனுஷனுக்கு ஊர்ச் சிரிப்பு புதிதா என்ன.

சிறுமலையில் கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் முடிந்து, காப்பித் தோட்டங்கள் தொடங்குகிற இடத்தில் அந்தத் தபோவனம் இருந்தது. ஓடு வேய்ந்த நாலு அறை, ஒரு சின்ன மாதா கோயில், ஒரு பசு, ஏழெட்டுப் பேர். அவ்வளவுதான். எமரென்சியா அம்மாதான் அங்கே எல்லாருக்கும் குரு. அவர் பிரசங்கம் செய்து யாரும் கேட்டதில்லை. களை பிடுங்கிக்கொண்டே காது கொடுப்பார். கேள்வி கேட்டவர் கையிலும் ஒரு களைக்கொத்தைக் கொடுத்துவிடுவார்.

அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. குப்பைத்தொட்டி கிடையாது. மலைக்குக் கொண்டுவந்ததை மாடு தின்ன வேண்டும், இல்லையென்றால் மண் தின்ன வேண்டும். இரண்டும் தின்னாதது கொண்டுவந்தவர் கூடவே கீழே இறங்க வேண்டும்.

சவரிராயன் நவம்பர் கடைசியில் வந்தார். களைக்கொத்து கைக்கு வந்ததும் தன் கதையைச் சொன்னார்.

மனைவி பிலோமினாள் பங்குனி மாதத்தில் இறந்துபோனாள். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவர் வீட்டைக் காலி செய்தார். அவருடைய தொழில் அப்படி. இரவு கல்யாணம் முடிந்தால் விடிவதற்குள் மண்டபத்தில் ஒரு பூ கிடக்கக் கூடாது. அதில் அவரை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆளில்லை. சேலைகள் அநாதை விடுதிக்குப் போயின. தையல் மெஷினும் மூக்குக்கண்ணாடியும் கட்டிலும் யார் யாருக்கோ போயின. பரணில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதைப் பழைய இரும்புக்காரனின் சாக்கில் போட்டார்.

அந்த டப்பாவில் முப்பது வருஷத்துக் கிறிஸ்துமஸ் இருந்தது. சிகரெட் பெட்டித் தாளில் வெட்டிய நட்சத்திரங்கள், ஃபியூஸ் போன பல்பில் வரைந்த தேவதூதர், நூல்கண்டுக் கட்டையில் செய்த மணி, வர்ணம் பூசிய முட்டை ஓடு. வருஷா வருஷம் டிசம்பரில் பிலோமினாள் அதைத் திறந்து, ஒரு மூங்கில் வளையத்தில் வேப்பங்கொத்தோடு சேர்த்துக் கட்டி வாசக்கதவில் மாட்டுவாள். ஜனவரியில் பிரித்துத் துடைத்து மறுபடி உள்ளே வைப்பாள். ஊர் முழுக்க ஜோடிக்கிற புருஷன், பிளாஸ்டிக்கில் பெரிதாக ஒன்று கொண்டுவரட்டுமா என்று வருஷம் தவறாமல் கேலி செய்வார். அவள் வேண்டாம் என்பாள்.

மகள் ஜெசிந்தா கோயம்புத்தூரிலிருந்து முப்பதாம் நாள் பூசைக்கு வந்தாள். நகை கேட்கவில்லை, சேலை கேட்கவில்லை. அந்த டப்பாவை மட்டும் கேட்டாள்.

“பழசுதானேம்மா. புதுசா வாங்கித் தர்றேன்” என்றார் சவரிராயன்.

ஜெசிந்தா தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். பிறகு, “அம்மாவும் உங்களுக்கு ஒரு மேடைதானாப்பா?” என்றாள். சாப்பிடாமலே பஸ் ஏறினாள். அதற்கப்புறம் அவர் கூப்பிட்டால் அவள் போனை எடுப்பதில்லை.

அவர் சும்மா இருக்கவில்லை. இரும்புக்கடையில் போய்த் தேடினார். டப்பா என்றைக்கோ நசுங்கி லாரி ஏறியிருந்தது. சென்னையிலிருந்து கண்ணாடி உருண்டைகள் தருவித்து மகளுக்குக் கூரியரில் அனுப்பினார். பிரிக்காமலே திரும்பி வந்தது. மரத்தில் செய்த தேவதூதர்களை அனுப்பினார். அதுவும் அப்படியே வந்தது.

“அம்மா, எம் பொண்ணு மனசு எறங்க நான் என்ன செய்யணும்?”

எமரென்சியா அம்மா பிடுங்கிய களையை உதறி மண்ணைத் தட்டினார்.

“திருவருகைக் காலம் தொடங்குது. கோயில் கதவுக்கு இந்த வருஷம் கிறிஸ்துமஸ் வளையம் நீங்க கட்டுங்க அய்யா.”

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. ஆனாலும் சவரிராயனுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். தெரிந்த வேலையாயிற்றே. மறுநாளே கீழே இறங்கி, பூ மார்க்கெட்டில் செவ்வந்தியும் சம்பங்கியும் அள்ளிக்கொண்டு, தெர்மாகோலும் ஜரிகையும் வாங்கி வந்தார். சாயங்காலத்துக்குள் நாலடி வளையம் ஒன்று எழும்பிவிட்டது. மூன்று கால் வைத்து கோயில் வாசலில் சாய்த்து நிறுத்திவிட்டு, ஒதுங்கி நின்று தானே பார்த்து ரசித்தார்.

காப்பிப் பழம் பறித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பொம்மக்கா அதைப் பார்த்ததும் தலைச்சுமையை இறக்கி வைத்தாள். செருப்பைக் கழற்றினாள்.

“யாரு சாமி தவறிட்டாக?” என்று தணிந்த குரலில் கேட்டாள்.

தபோவனத்தில் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. எமரென்சியா அம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். கடைசியில் பொம்மக்காவும் சிரித்தாள்.

சவரிராயனும் சிரித்துதான் வைத்தார். ஆனால் அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. வளையம் என்றால் அவருடைய கைக்குச் சாவு வளையம் ஒன்றுதான் தெரிந்திருக்கிறது. எத்தனை பேர் நெஞ்சில் வைக்க அதைக் கட்டியிருப்பார். பிலோமினாளுக்கும் அவர்தான் கட்டினார். அதுவரை கட்டியதிலேயே அதுதான் பெரிது.

இரண்டு நாளில் பூ வாடி எருக்குழிக்குப் போயிற்று. தெர்மாகோல் மட்டும் வெள்ளை வெளேரென்று மிஞ்சியது. அதை மாடும் தின்னாது, மண்ணும் தின்னாது. சவரிராயன் தன் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தார்.

அப்போதுதான் எமரென்சியா அம்மா ஒரு தகரப் பெட்டியையும் ஒரு வளையத்தையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். மிளகுக்கொடியை முறுக்கிச் செய்த வளையம். பத்தொன்பது வருஷமாகக் கதவில் ஏறி இறங்கிக் கறுத்துப்போயிருந்தது. பெட்டிக்குள் பழைய வேட்டித் துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றி வைத்த சாமான்கள். தேங்காய்ச் சிரட்டையில் அறுத்த நட்சத்திரம், பனையோலைக் கிளி, பித்தளைச் சலங்கை மூன்று, பொத்தான்கள் கோத்த சிலுவை, ஒரு களிமண் குருவி. இவற்றோடு சவுக்கு இலையும் பழத்தோடு காப்பிக் கொத்தும் அந்தந்த வருஷம் புதிதாக வைக்க வேண்டும். கட்டுவதற்கு ஒரு கற்றை வாழைநார்.

“ஒரே ஒரு கட்டுப்பாடுதான் அய்யா” என்றார் அம்மா. “கட்டினவங்களே அவிழ்க்கணும். மூணு ராஜாக்கள் திருநாளன்னைக்கு. கத்தி, கத்தரி கூடாது.”

சரி என்றார் சவரிராயன். காதில் வாங்கினார், மனதில் வாங்கவில்லை. ஜனவரி ஆறாம் தேதி எங்கேயோ இருந்தது.

வாழைநாரைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வந்தது. இந்த மலைக்காற்றுக்கு நாராவது நிற்பதாவது. பையிலிருந்து கட்டுக்கம்பியை எடுத்தார். கரண்டில் சூடாகிப் பசையைக் கக்கும் க்ளூ கன்னையும் எடுத்தார். சிரட்டை நட்சத்திரத்தைப் பசை வைத்து அழுத்தினார். சலங்கையைக் கம்பியால் மூன்று சுற்றுச் சுற்றிக் குறடால் முறுக்கினார். குருவியைக் காப்பிக் கொத்தின் நடுவில், அப்போதுதான் வந்து உட்கார்ந்தது மாதிரி, அடியில் நிறையப் பசை வைத்து நிறுத்தினார்.

வளையம் அற்புதமாக வந்தது. அதை மறுப்பதற்கில்லை. சிவந்த காப்பிப் பழமும் கறுத்த கொடியும் நடுவில் அந்தக் குருவியும். கிறிஸ்துமஸ் பாதிராப் பூசைக்கு வந்த தோட்டத்து ஜனங்கள் உள்ளே போகாமல் கதவடியில் நின்றுவிட்டார்கள். பூசை வைக்க வந்த சாமியார் போட்டோ எடுத்துக்கொண்டார். சவரிராயனும் ஒரு போட்டோ எடுத்து ஜெசிந்தாவுக்கு அனுப்பினார். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

எமரென்சியா அம்மா வளையத்தை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். குருவியை லேசாக அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

“நல்லா இருக்கு” என்றார்.

ராஜாக்கள் திருநாள் வந்தது. பூசை முடிந்ததும் எல்லாரும் கோயில் வாசலில் கூடினார்கள். வளையத்தைக் கதவிலிருந்து இறக்கி ஒரு பாயில் வைத்தார்கள். பக்கத்தில் தகரப் பெட்டி திறந்திருந்தது. வேட்டித் துணிகளைத் துவைத்து மடித்து வைத்திருந்தார் அம்மா.

சவரிராயன் உட்கார்ந்தார். நாற்பது வருஷத்தில் தான் கட்டிய ஒன்றைத் தானே பிரிக்க உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அதெல்லாம் கூலிக்கு வரும் ஆட்கள் அரிவாளால் செய்கிற வேலை.

இலைகள் சுலபமாக வந்தன. பசு அவற்றைத் தின்றது. கம்பியை விரலால் பிரிக்கப் பார்த்தார். குறடால் முறுக்கியது விரலுக்கு மசியுமா. நகம் பிய்ந்தது. ஒரு சலங்கை நசுங்கித்தான் வெளியே வந்தது. சிரட்டை நட்சத்திரத்தை இழுத்தார். ஒரு முனை பசையோடு கொடியிலேயே நின்றுவிட்டது. அந்தக் குளிரிலும் அவருக்கு வேர்த்தது.

“குறடு எடுத்துக்கட்டுமாம்மா?”

அம்மா தலையசைத்து வேண்டாம் என்றார்.

கடைசியில் குருவி. அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துப் பூப்போலத்தான் அசைத்தார். கழுத்தில் முறிந்தது. உடம்பு கையோடு வந்தது. பசை பிடித்த அடிமண் மட்டும் கொடியில் நின்றது. தலை பாயில் உருண்டு எமரென்சியா அம்மாவின் காலடியில் போய் நின்றது.

அம்மா குனிந்து அதை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எழுந்து, யாரையும் பார்க்காமல் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

அந்தக் குருவி யார் செய்தது என்று பொம்மக்காதான் சவரிராயனுக்குச் சொன்னாள். அம்மாவுக்கு ஒரு தங்கை இருந்தாள். ஓடைக் களிமண்ணில் அதைப் பிடித்து, அடுப்புத் தணலில் சுட்டு எடுத்தபோது அவளுக்கு ஒன்பது வயது. பத்தாவது வயதில் காய்ச்சல் வந்து போய்விட்டாள். அம்மா தபோவனத்துக்கு வந்தபோது வீட்டிலிருந்து கொண்டுவந்தது அந்தக் குருவி ஒன்றைத்தான்.

சவரிராயன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் காப்பிச் செடிகளுக்கு நடுவே அம்மா நின்றுகொண்டிருந்தது தெரிந்தது. தோள் குலுங்கியது. குரு அழுவார் என்று சவரிராயன் நினைத்ததில்லை. ஞானிக்கு எல்லாம் ஒன்றுதான் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். சொன்னவன் இந்த மலைக்கு வந்ததில்லை போலிருக்கிறது.

அன்றும் மறுநாளும் எமரென்சியா அம்மா அவரோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைத்தார், தண்ணீர் வைத்தார், பேச்சு மட்டும் இல்லை. அதே மௌனத்தைச் சவரிராயன் எட்டு மாதத்துக்கு மேலாகப் போனில் கேட்டுக்கொண்டிருக்கிறார். நேரில் பார்ப்பது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை பையைக் கட்டினார். கட்டிலுக்கடியிலிருந்த தெர்மாகோலை இழுத்து எடுத்து, ஒரு கயிறு போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டார். விடைபெறக் கோயிலுக்குப் போனார்.

அம்மா தரையில் உட்கார்ந்து சாமான்களைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நசுங்கிய சலங்கை, முனை போன நட்சத்திரம், எல்லாவற்றையும் முன்பு போலவே சுற்றினார்.

“நான் போறேம்மா” என்றார் சவரிராயன். “கீழ எனக்குத் தெரிஞ்ச குயவர் ஒருத்தர் இருக்காரு. அச்சு அசலா அதே மாதிரி நாலு குருவி செஞ்சு அனுப்பி வைக்கிறேன்.”

“நாலா?”

சொன்ன வார்த்தை சவரிராயன் காதிலேயே விழுந்தது. புதுசா வாங்கித் தர்றேன் என்று மகளிடம் சொன்னதும் ஞாபகம் வந்தது.

“உக்காருங்க” என்றார் அம்மா. “எனக்குக் கோவம் இருக்கு. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். குருவி எப்படி ஒடஞ்சுதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க.”

அவர் தெர்மாகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்.

“இந்தப் பனிக்குப் பசை ரொம்ப இறுகிருச்சும்மா.”

அம்மா ஓலைக்கிளியை எடுத்துச் சுற்றினார்.

“மண்ணும் பழசு. முப்பது வருஷத்து மண்ணு.”

அம்மா பொத்தான் சிலுவையைச் சுற்றினார். பெட்டிக்குள் வைத்தார். அடுத்த துணியை மடியில் விரித்தார். அதன்மேல் குருவியின் உடம்பையும் தலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சுற்றாமல் காத்திருந்தார்.

சவரிராயன் அந்த இரண்டு துண்டையும் பார்த்தார்.

“ஒடச்சது நான்தான்” என்றார். “பிரிக்கத் தெரியாது எனக்கு. கட்டத்தான் தெரியும், வெட்டி எறியத் தெரியும். நீங்க முதல்லயே சொன்னீங்க. நான் கேக்கல.”

அவரால் அதோடு நிறுத்த முடியவில்லை.

“அந்த டப்பாவையும் அப்படித்தாம்மா. பழசுன்னு போடல. பரண்ல இருந்து எறக்கித் தொறந்தேன். நட்சத்திரத்துல அவ விரல் மடிச்ச தடம் இருந்துச்சு. பாத்துக்கிட்டு நிக்க முடியல. விடியறதுக்குள்ள எல்லாம் போயிரணும்னு இருந்துச்சு. போயிட்டா வலிக்காதுன்னு நெனச்சேன். சாக்குல போட்டுட்டு, இரும்புக்காரன் தெருமுனை திரும்புனதும் பின்னாலயே ஓடினேன். செருப்பு கூடப் போடல. அவன் வண்டி போயிருச்சு. பழசுதானேன்னு எம் பொண்ணுகிட்ட சொன்னது பொய். அவகிட்ட வேற என்னத்தச் சொல்லன்னு தெரியல.”

சொல்லி முடித்தபோது அவர் முகம் நனைந்திருந்தது. தோள்துண்டை எடுத்துத் துடைக்கவும் தோன்றவில்லை. வெளியே பொம்மக்கா யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது.

எமரென்சியா அம்மா குருவியைத் துணியில் சுற்றினார். இரண்டு துண்டையும் சேர்த்தே சுற்றி, ஒரு வாழைநாரால் கட்டினார். ஒரு முனையை இழுத்தால் அவிழ்ந்துவிடும் முடிச்சு. அதைப் பெட்டிக்குள் மற்றவற்றின் நடுவில் வைத்தார்.

“ஒடஞ்சத எதுக்கும்மா உள்ள வைக்கிறீங்க?”

“அடுத்த வருஷம் கட்டணுமே.”

“ஒடஞ்சதையா?”

“ஆமா.”

பெட்டியை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். மூன்று நாளில் முதல் தடவையாகச் சவரிராயன் முகத்தை நேராகப் பார்த்தார்.

“இப்ப சொன்னீங்களே, அந்த டப்பா விஷயம்.”

“ஆமாம்மா.”

“அதை ஏன் அய்யா எங்கிட்ட சொல்றீங்க?”